டிராக்டர் ஊரில், பெயர் நம்முடையது

2023-ஆம் ஆண்டு தை மாதம், சம்பா அறுவடைச் சமயத்தில் ஊருக்குப் போயிருந்தேன். கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் கிராமம். பொங்கல் முடிந்த நாலாம் நாள், நூறு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு எங்கள் டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பியது. ஓட்டியவன் என் தம்பியின் கடைசி மகன். வயது பதினாறு. தம்பியும் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனோம்.

வழியில் ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது. தண்டவாளம் மேட்டில் இருப்பதால் சாலை அங்கே ஏற்றமாக இருக்கும். டிராக்டர் அந்த ஏற்றத்தில் நின்றது. அதன் பின்னால் மொபெட்டில் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் நாங்கள். ரயில் போய்க் கேட் திறந்ததும் பையன் கிளட்சை விட்டான். வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு, பக்கவாட்டில் திரும்பி, மொபெட்டைச் சாய்த்து அதன் மேலேறி நின்றது. பெரியவர் குதித்துவிட்டதால் காலில் சிராய்ப்போடு தப்பினார். மொபெட்டுக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம்.

அன்று இரவு வண்டியின் காகிதங்களை எடுத்து வரச் சொன்னேன். "அண்ணே, கிராமத்துல யாரு லைசென்ஸ் கேக்கறா?" என்றான் தம்பி. பையனும், "பெரியப்பா, நான் ரெண்டு வருஷமா ஓட்டறேன்" என்றான். அவன் பெருமையாகச் சொன்னது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது என் பெயர். 2011-இல் கடனில் டிராக்டர் வாங்கியபோது பட்டா என் பெயரில் இருந்ததால் வண்டியும் என் பெயரில் பதிவாயிற்று. தம்பியின் லைசென்ஸ் 2001-இல் எடுத்தது. அவனுக்கு ஐம்பது வயது நிறைந்த 2020-இலேயே காலாவதியாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் டிராக்டருக்கு மட்டும்தான், டிரெய்லருக்கு இல்லை. பெரியவர் குதிக்காமல் இருந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நாக்பூரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான்தான்.

நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலமும், அதை உழ டிராக்டரும், அதைப் பார்த்துக்கொள்ளத் தம்பியோ மைத்துனரோ குத்தகைக்காரரோ உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமோக்காரன். அன்றைக்குப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வயலுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று

டிராக்டருக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 3-ஆம் பிரிவில், பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுகிறவர் செல்லத்தக்க உரிமம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பொது இடம் என்றால் மக்கள் போய்வர உரிமை உள்ள சாலை, தெரு, வழி எல்லாமே. தன் சொந்த வயலுக்குள் உழுகிறவரிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை என்பது இதனால்தான். ஆனால் வண்டி வரப்பைத் தாண்டி ஊராட்சிச் சாலையில் ஏறிய கணத்தில் கணக்கு மாறிவிடும். வயலிலிருந்து வீடு அரை பர்லாங்குதானே என்ற சமாதானம் சட்டத்தில் எங்கும் இல்லை.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நான் ஆயுள் முழுதும் கூடவே இருந்த ரயில் வண்டி இந்தச் சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. தண்டவாளத்தில் ஓடுவதற்கு விலக்கு உண்டு. டிராக்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

என்ன லைசென்ஸ்?

சட்டத்தில் 'இலகு ரக மோட்டார் வாகனம்' என்ற வகையிலேயே டிராக்டரும் அடங்கும். சரக்கில்லாத எடை 7,500 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதுதான் நிபந்தனை. நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்கள் பெரும்பாலும் இரண்டு டன் சுமார் எடைதான். ஆகவே இலகு ரக வாகன உரிமம் போதும். வேளாண் டிராக்டரும் பவர் டில்லரும் மத்திய அரசின் பட்டியலில் 'போக்குவரத்து அல்லாத' வண்டிகள்.

டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றினால் அது லாரி மாதிரி ஆகிவிடாதா, தனி உரிமம் வேண்டாமா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வெகுநாள் வழக்காடின. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை சொல்லிவிட்டது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர் அதில் டிரெய்லர் மாட்டிச் சரக்கு ஏற்றினாலும் அவருடைய உரிமம் செல்லும். அடுத்து, இலகு ரக உரிமத்தை வைத்துக்கொண்டு 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்டலாமா என்ற பொதுக் கேள்வி. ஓட்டலாம் என்று 2017-இல் மூன்று நீதிபதிகளும், அதையே உறுதி செய்து 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தார்கள். எனவே முறையான இலகு ரக உரிமம் வைத்திருக்கும் விவசாயி அந்த விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை.

நெல் அறுக்கும் மெஷின் விஷயம் சற்று வேறு. அதன் எடை 7,500 கிலோவைத் தாண்டுவது உண்டு. நாம் வாடகைக்கு வரவழைக்கும் மெஷின் அதன் டிரைவருடன்தான் வரும். பொறுப்பு அதன் சொந்தக்காரருடையது. நாமே வாங்குவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள வண்டி வகையையும் எடையையும், ஓட்டப்போகிறவரின் லைசென்சில் எழுதியுள்ள வகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சாலையில் இறக்க வேண்டும்.

வயது

டிராக்டர் ஓட்டப் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதுச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்குவதற்கும் இதே வயதுதான்.

பையன்கள் பன்னிரண்டு வயதில் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டு, பதினான்கில் தனியாக உழுகிறார்கள். கை பழகிவிடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தோம் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்தக் கடைசித் தண்டனையைச் சொன்னபோதுதான் என் தம்பி மகன் முகம் மாறியது. ராணுவத்தில் சேர்ந்து வண்டியோட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

வயது வந்தவராயிருந்தாலும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கக்கூடாது என்று 5-ஆம் பிரிவு சொந்தக்காரரைத் தடுக்கிறது. மீறினால் 2019 திருத்தத்தின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவருக்கும் தனியாக அபராதம் உண்டு.

இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்குமே?

கொடுக்கும், ஆனால் யார் பணம் என்பதைப் பார்க்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் விரிவாக ஆராய்ந்தார்கள். சொந்தக்காரர் தெரிந்தே, அல்லது அலட்சியமாக, உரிமம் இல்லாதவரை ஓட்ட விட்டார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். குடும்பத் தலைவரின் உயிர் போன வழக்குகளில் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். நம்மிடம் வசூலிப்பது என்றால் எதிலிருந்து? அந்த நிலத்திலிருந்துதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டிரைவரை வைக்கும்போது லைசென்சை வாங்கிப் பார்த்து, அவருக்கு ஓட்டத் தெரிகிறதா என்றும் சோதித்துக்கொண்ட சொந்தக்காரருக்குச் சட்டத்தில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. பின்னால் அந்த லைசென்ஸ் போலி என்று தெரியவந்தாலும், அது அவருக்குத் தெரியாதிருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் அவர் மாட்டிக்கொள்வதில்லை. பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு நகல் நம் கையில் இருப்பது நல்லது.

இன்னொரு ஓட்டை, டிராக்டரை என்ன வேலைக்கு விடுகிறோம் என்பது. 2007-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், விவசாய வேலைக்கென்று காப்பீடு செய்த டிராக்டர் செங்கல் சூளைக்கு மண் அடித்திருக்கிறது. கூலியாள் ஒருவர் விழுந்து அடிபட்டார். விவசாய வேலை அல்ல, டிரெய்லருக்குக் காப்பீடும் இல்லை என்பதால் கம்பெனிக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. அந்த ஏழையின் நிலையை எண்ணி, கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம் என்று நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திச் சொன்னது. வண்டி சும்மா நிற்கிறதே என்று மணலுக்கும் செங்கல்லுக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மட்கார்டில் ஆள் உட்கார்ந்து போவதும், டிரெய்லரில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிப் போவதும் இதே ரகம். டிராக்டரில் ஓட்டுகிறவருக்கு மட்டுமே இருக்கை.

விற்றுவிட்டோமே?

"அப்பா வாங்கிய பழைய டிராக்டரை அப்போதே விற்றுவிட்டோம்" என்று நிம்மதியாக இருக்கும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. ஆர்.சி.யில் பெயர் மாற்றியாயிற்றா? வண்டி பல கை மாறியும் பதிவில் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்த ஒரு வழக்கில், இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டதோடு விஷயம் முடிவதில்லை. விற்றவர் மாநிலத்துக்குள்ளேயே என்றால் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள். அதற்கான படிவங்கள் 29, 30.

சொந்தக்காரர் காலமாகிவிட்டால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு முப்பது நாளுக்குள் அந்தச் செய்தியைத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கோர வேண்டும். தகப்பனார் போய்ப் பத்து வருஷமாகியும் அவர் பெயரிலேயே டிராக்டர் ஓடுவதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். பதிவின் ஆயுள் பதினைந்து ஆண்டு என்பதையும் மறக்கக்கூடாது. 2011-இல் பதிவான எங்கள் வண்டிக்கு 2026-ஆம் ஆண்டு கெடு.

லைசென்ஸ் ஒன்று, கை வேறு

சட்டத்தின் பார்வையில் காரும் டிராக்டரும் ஒரே வகை. ஓட்டுவதில் அப்படியல்ல. இதைத்தான் அன்று கேட்டடியில் பார்த்தேன்.

டிராக்டருக்கு வலது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மிதி, இடதுக்கு ஒரு மிதி. வயல் மூலையில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி. சாலைக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். பையன் அதை இணைக்கவில்லை. பதற்றத்தில் ஒரே மிதியை மிதித்தான். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தது, வண்டி திருகிக்கொண்டது. வேகமாகப் போகும்போது இப்படி நடந்தால் டிராக்டர் கவிழ்ந்தே விடும்.

அடுத்து டிரெய்லர். நாற்பது கிலோ மூட்டை நூறு என்றால் நாலு டன். டிரெய்லரின் சொந்த எடை ஒரு டன்னுக்கு மேல். ஆக, இரண்டு டன் வண்டி ஐந்து டன்னை இழுக்கிறது. ரயிலில் எஞ்சினில் மட்டும் பிரேக் வைத்தால் என்ன ஆகும்? பெட்டிகள் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் இருக்கிறது. நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. இருந்தால் வேலை செய்வதில்லை. ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும், இறக்கத்தில் முன்னுக்குத் தள்ளும். சாலைக்கு வருமுன் கியரைக் குறைத்துக்கொள்வது, சரக்கைக் குறைப்பது, டிரெய்லருக்குப் பிரேக் போடுவது தவிர வேறு மந்திரம் இல்லை.

ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் உத்தியோகத்துக்குத் துரோகம். அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டன. ஆள் உள்ள கேட்டுகள் இன்னும் உண்டு. பாரம் ஏற்றிய டிராக்டர் தண்டவாளத்தைக் கடந்து முடிக்கப் பதினைந்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் ரயில் அதற்குள் நானூறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். பிரேக் போட்டாலும் அது நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். மூடிய கேட்டைத் திறந்தால் மூன்று ஆண்டு, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். அந்தத் தண்டனையை அனுபவிக்கவாவது ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

இங்கிருந்தபடியே செய்யக்கூடியது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசும்போது, மழை, விளைச்சல் விசாரித்த பிறகு, இந்த ஐந்தையும் கேளுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? சாலையில் யார் யார் ஓட்டுகிறார்கள், அவர்கள் வயது என்ன? அவர்கள் லைசென்சில் என்ன வகை, எந்தத் தேதி வரை? டிரெய்லர் பதிவாகிக் காப்பீட்டிலும் சேர்ந்திருக்கிறதா? பாலிசியில் என்ன வேலைக்கென்று எழுதியிருக்கிறது? காகிதங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள நகல் செல்லும் என்பதால் அசலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

காலாவதியான லைசென்சை ஓராண்டுக்குள் புதுப்பித்தால் மறுதேர்வு இல்லை. அதைத் தாண்டினால் ஓட்டிக் காட்ட வேண்டும். புதிதாக எடுப்பவர் எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அந்த நாட்களில் வண்டியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர் ஒருவர், வேண்டியபோது வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் கூட இருக்க வேண்டும். ஒற்றை இருக்கை டிராக்டரில் இது நடக்கிற காரியமா? ஆகவே பழகுவதை எல்லாம் சொந்த வயலிலேயே பழகிக்கொள்வது உத்தமம்.

என் தம்பி அந்த வருஷம் மாசி மாதமே எல்.எல்.ஆர். எடுத்து, ஐம்பத்துமூன்று வயதில் மறுபடி ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினான். டிரெய்லருக்குப் பிரேக்கும் காப்பீடும் போட்டாயிற்று. பையன் இரண்டு ஆண்டு வரப்பைத் தாண்டி வண்டியைக் கொண்டு வரவில்லை. வயலிலிருந்து சாலை வரை அவன் ஓட்டுவான். சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்குவான். அவன் அப்பா ஏறுவார். ஊரில் சிலர் சிரித்தார்களாம். பதினெட்டு நிறைந்ததும் முறைப்படி லைசென்ஸ் எடுத்து, அதன் படத்தை எனக்கு அனுப்பினான். "பெரியப்பா, இனி கேட்டடியில நான் நிக்கலாமா?" என்று கீழே எழுதியிருந்தான். ரெண்டு பிரேக்கையும் கொக்கி போட்டுவிட்டு நில் என்று பதில் எழுதினேன்.